பட்டறையைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டலாமா?



இலக்கணத்தையும் கட்டுரைப் பயிற்சியையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, இன்று பழைய காரின் வாட்டர் பம்பைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒழுகும் பம்பு ஒன்றை முறையாக மாற்றுவதற்கு எவ்வளவு அறிவும் பொறுமையும் வேண்டும் என்பதை அறியாமலேயே, "ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்" என்று நம்மிடையே பலர் பிள்ளைகளை மிரட்டி வருகின்றனர். இந்த மிரட்டல் உண்மைக்குப் புறம்பானது, பிள்ளைகளுக்கும் கேடானது. இதுவே என் கருத்து. அதை வெறும் அறிவுரையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. பம்பை மாற்றும் வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பழைய காரை ஏன் விடாமல் ஓட்டுகிறோம்?

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பது பெரிய கணக்கு. வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990ஆம் ஆண்டு மே மாதம் நடப்புக்கு வந்தது. அச்சான்றிதழ் பத்தாண்டுகளுக்குத்தான் செல்லும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிறிய கார்களுக்கான சான்றிதழ்க் கட்டணம் 106,000 வெள்ளியையும் பெரிய கார்களுக்கானது 150,001 வெள்ளியையும் எட்டியது. காரின் விலை இதில் சேராது என்பதை நினைவிற் கொள்க!

பத்தாண்டு முடிந்ததும் காரைக் கைவிட வேண்டும். அல்லது அண்மைய மூன்று மாதங்களின் சராசரிக் கட்டணத்தைச் செலுத்தி மேலும் பத்தாண்டுகளுக்கோ, அதில் பாதியைச் செலுத்தி ஐந்தாண்டுகளுக்கோ நீட்டித்துக் கொள்ளலாம். நீட்டித்தவர்கள் சாலை வரிக்கு மேல் கூடுதல் கட்டணமும் கட்டுகின்றனர். அது 10 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும். வாகனச் சோதனைக்கும் ஒவ்வோர் ஆண்டும் போக வேண்டும்.

"ஆங் மோ கியோவில் 1987ஆம் ஆண்டிலிருந்தே எம்ஆர்டி ரயில் ஓடுகிறதே, கார் எதற்கு?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். சக்கர நாற்காலியில் இருக்கும் முதியவரை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தினரைக் கேட்டால் அதற்கு விடை கிடைக்கும். இத்தகைய குடும்பங்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதான கார்களைப் பேணி ஓட்டுகின்றன. பேணுதல் என்றால் பட்டறை. பட்டறை என்றால் அங்கே வேலை செய்யும் மனிதர்கள். அவர்கள் இல்லாமல் இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது.

வாட்டர் பம்பு என்ன செய்கிறது?

எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும்போது உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ 2000 பாகை செல்சியஸை எட்டக்கூடியது. ஆனால் இன்றைய எஞ்சின்களின் தலைப்பகுதி பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். அப்படியிருந்தும் எஞ்சின் உருகாமல் ஓடுவதற்குக் காரணம், அதன் உட்சுவர்களைச் சுற்றி இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் கூலண்ட் என்னும் குளிர்விக்கும் நீர்மம். அது எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குச் செல்கிறது. அங்கே காற்றில் ஆறித் திரும்பி வருகிறது. அதை அவ்வாறு ஓடவைக்கும் இதயம்தான் வாட்டர் பம்பு.

பம்பின் அமைப்பு எளியது. எஞ்சின் சுழலும்போது ஒரு பெல்ட் இதன் தண்டையும் சுழற்றுகிறது. தண்டின் ஒரு முனையில் இறகுகள் கொண்ட சக்கரம் நீர்மத்தைத் தள்ளுகிறது. தண்டைத் தாங்குவது பேரிங். நீர்மம் பேரிங்கிற்குள் புகாமல் தடுப்பது சீல். இவ்விரண்டுக்கும் இடையே பம்பின் உடலில் மிகச் சிறிய துளை ஒன்றை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். சீல் தேயத் தொடங்கியதும் நீர்மம் முதலில் அத்துளை வழியாகத்தான் வெளியே வரும். பேரிங் கெடுவதற்கு முன்பே கார்க்காரருக்கு அறிவிப்புக் கொடுப்பதற்காக அமைக்கப்பட்ட துளை அது. அதைக் குறையென்று எண்ணி அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் நீர்மம் பேரிங்கிற்குள் சென்று, கசிவாக இருந்தது முறிவாக முடியும்.

அந்த அறிவிப்பைப் புறக்கணித்தால் என்ன ஆகும்? நீர்மம் குறையும், வெப்பமானியின் முள் ஏறும், எஞ்சினின் தலைப்பகுதி வளையும், இடையில் உள்ள கேஸ்கெட் கிழியும். சில நூறு வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல்லாயிரம் வெள்ளிச் செலவாகிவிடும். மத்திய விரைவுச்சாலையின் நடுவே குடும்பத்தோடு நின்றுவிடும் அபாயமும் இருக்கிறது.

கசிவா, சொட்டா, ஒழுக்கா?

என் காருக்குப் பன்னிரண்டு வயதான போது இது நேர்ந்தது. நிறுத்துமிடத்தில் முன்சக்கரத்துக்கு அருகே சிறு ஈரம் தெரிந்தது. இளஞ்சிவப்பு நிறம். குளிரூட்டியிலிருந்து விழும் நீருக்கு நிறமில்லை; ஆகவே இது கூலண்ட்தான் என்பது தெளிவாயிற்று. நான் முதலில் சென்ற பட்டறையில் எஞ்சினைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. ஒரு புட்டியைக் காட்டி, "இந்த மருந்தை ஊற்றினால் கசிவு அடைபட்டுவிடும்" என்றனர். இத்தகைய அடைப்பு மருந்துகள் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடக் கூடும். தேய்ந்த சீலை அவை புதிதாக்கப் போவதுமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆங் மோ கியோ தொழிற்பேட்டைப் பகுதியில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆட்டோபாயிண்ட் கட்டடத்தில் மாடிக்கு மாடி பட்டறைகள் இருப்பதை இவ்வட்டாரவாசிகள் அறிவர். அப்பகுதியில் வேறொரு பட்டறைக்குச் சென்றேன். ஜோகூரிலிருந்து தினமும் வந்து போகும் தமிழ் இளைஞர் ஒருவர் காரைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி என்னை வியப்பில் ஆழ்த்தியது.

"அக்கா, தண்ணி கசியுதா, சொட்டுதா, இல்ல ஒழுகுதா?"

பாருங்கள்! ஆங்கிலத்தில் 'லீக்' என்ற ஒற்றைச் சொல்லால் நாம் முடித்துவிடும் இடத்தில் அவருக்கு மூன்று சொற்கள் தேவைப்பட்டன. கசிந்தால் பரப்பு ஈரமாக இருக்கும், கீழே விழாது. சொட்டினால் துளித்துளியாக விட்டுவிட்டு விழும். ஒழுகினால் இடைவிடாமல் இறங்கும். மூன்றும் மூன்று நிலைகள். எவ்வளவு விரைவாகச் செயல்பட வேண்டும் என்பதை அச்சொற்களே சொல்லிவிடுகின்றன. வகுப்பில் பொருள் வேறுபாடு என்று நாம் கற்பிக்கும் பாடத்தை அவர் தம் தொழிலில் நாள்தோறும் பயன்படுத்துகிறார். தமிழ் வீட்டுக்கும் கோயிலுக்கும் தேர்வுக்கும் மட்டுமே உரிய மொழி என்று நினைப்பவர்கள் பட்டறைப் பக்கம் சென்று கேட்க வேண்டும்.

"சொட்டுகிறது" என்றேன். "எப்போது சொட்டுகிறது? ஓடும்போதா, நிறுத்திய பிறகா? முள் எப்போதாவது ஏறியதா? கீச்சென்ற சத்தம் உண்டா?" என்று அடுத்தடுத்துக் கேட்டார். எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தார். பிறகு ரேடியேட்டரின் வாயில் ஒரு கருவியைப் பொருத்திக் காற்றழுத்தம் கொடுத்தார். கைவிளக்கையும் சிறு கண்ணாடியையும் கொண்டு பம்பின் அடியில் தேடினார். துளையைச் சுற்றி உப்புப் பூத்தாற்போல் காய்ந்த படிவு இருந்தது. பெல்ட்டைத் தளர்த்திப் பம்பின் சக்கரத்தை அசைத்துப் பார்த்தார். இலேசாக ஆடியது. "பம்புதான் அக்கா. பேரிங்கும் கெட ஆரம்பிச்சிருச்சு" என்றார். அனுமானம், சோதனை, சான்று, முடிவு. அறிவியல் பாடத்தில் நாம் கற்பிக்கும் வரிசையும் இதுதானே?

வேலை நடந்த விதம்

பழைய நீர்மத்தை ஒரு தட்டில் வடித்தார். கால்வாயில் ஊற்றவில்லை. அதில் எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. அது இனிப்புச் சுவை கொண்டதால் குழந்தைகளும் பூனைகளும் நாக்கில் வைத்துவிடும் ஆபத்து உண்டு. மேலும் நம் ஊர்க் கால்வாய்கள் நீர்த்தேக்கங்களுக்குச் செல்பவை. பீஷான்–ஆங் மோ கியோ பூங்காவினூடே ஓடும் கல்லாங் ஆறு மரினா நீர்த்தேக்கத்தில்தான் கலக்கிறது. கால்வாயில் ஊற்றுவது நாம் குடிக்கும் நீரில் ஊற்றுவதற்குச் சமம்.

பெல்ட்டையும் பம்பையும் கழற்றிய பிறகு, எஞ்சினின் பரப்பில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்தார். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அவ்வழியே மீண்டும் கசியும் என்பதால், இந்தச் சுரண்டலுக்கே அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். புதிய கேஸ்கெட்டை வைத்துப் பம்பைப் பொருத்தினார். முறுக்கும் விசையை அளந்து காட்டும் திருகுசாவியால் திருகாணிகளைக் குறுக்கும் நெடுக்குமாக, சிறிது சிறிதாக முறுக்கினார்.

அப்போது பக்கத்தில் தம் காருக்காகக் காத்திருந்த ஒருவரின் மகன், தொடக்கநிலை நான்கில் படிக்கும் வயதினன், "ஏன் அங்கிள் ஒன்ன முழுசா முடிக்காம மாத்தி மாத்தி முறுக்குறீங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் விடை வருவதற்குள் அவன் தந்தை குறுக்கிட்டார். "பாத்துக்க தம்பி, ஒழுங்காப் படிக்கலைன்னா நீயும் இந்த வேலைக்குத்தான் வரணும்."

அவர் கெட்டவர் அல்லர். மகனின் நலத்தை எண்ணியே சொன்னார். தாம் சொல்வது தமிழ் அறிந்த ஒருவரின் காதில் விழுகிறது என்பதையும் அவர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இளைஞர் முகம் மாறாமல் சிறுவனைப் பார்த்து, "ஒரு பக்கமே முறுக்குனா மறுபக்கம் தூக்கிக்கும் தம்பி. சமமா உக்காந்தாத்தான் ஒழுகாது" என்று விடை சொன்னார். ஆனால் சிறுவன் அதற்குள் பின்வாங்கித் தந்தையின் கைப்பேசியை வாங்கிக்கொண்டுவிட்டான். ஒரே வாக்கியம்! கேள்வி கேட்ட பிள்ளையின் வாய் மூடிவிட்டது. தொழில் தெரிந்த ஒருவரை அவர் முன்னிலையிலேயே சிறுமைப்படுத்தியும் ஆகிவிட்டது.

மீதி வேலையும் தொடர்ந்தது. பழைய பெல்ட்டில் வெடிப்புகள் இருந்ததால் அதையும், வயதான தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றார். இரண்டுக்கும் பிரிக்க வேண்டிய பாகங்கள் அவையே என்பதால் கூலி இருமுறை ஆகாது. இது நேர்மையான அறிவுரை. காருக்கு உரிய கூலண்டை அளவாகக் கலந்து நிரப்பினார். "இங்கே பனியா பெய்கிறது? குழாய்த் தண்ணீர் போதாதா?" என்று கேட்டேன். உறைபனிக்காக மட்டுமன்று, துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் அது வேண்டும் என்று விளக்கினார். பின்னர் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார். காற்றுக்குமிழ் தங்கிவிட்டால் அவ்விடத்தில் சூடு தேங்கும். கடைசியில், "மூணு நாள் கழிச்சு, எஞ்சின் ஆறின பிறகு அளவைப் பாருங்க அக்கா. சூடா இருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்துடாதீங்க" என்று எச்சரித்து அனுப்பினார். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும் என்பதால் சொன்ன எச்சரிக்கை அது.

இந்த மூன்று மணி நேர வேலையில் இயற்பியல், வேதியியல், அளவீடு, வரிசைமுறை, சுற்றுச்சூழல் பொறுப்பு, வாடிக்கையாளரிடம் நயமாகப் பேசும் மொழி அத்தனையும் அடங்கியிருந்தன. படிக்காதவர் செய்யும் வேலை என்று இதை எப்படிச் சொல்வது?

நம் வீட்டுப் பேச்சும் நாட்டின் நிலையும்

'என் எதிர்கால ஆசை' என்ற தலைப்பில் எழுதச் சொன்னால், மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், விமானி என்றே என் வகுப்பில் கட்டுரைகள் வருகின்றன. வாகனம் பழுதுபார்ப்பவராக விரும்புவதாக எழுதிய மாணவரை நான் இதுவரை கண்டதில்லை. மோட்டார் என்றால் கண் மின்னும் சிறுவர்கள் வகுப்பில் இல்லாமலில்லை. எதை எழுதினால் பெரியவர்கள் மகிழ்வார்கள் என்பதை அவர்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள்.

தொழில்நுட்பக் கல்விக் கழகம் 1992ஆம் ஆண்டு உருவானது. அதன் ஆங்கிலப் பெயரின் மூன்று எழுத்துகளையே 'எல்லாம் முடிந்தது' என்று பொருள்படும்படி விரித்துக் கேலி செய்த வழக்கம் இந்நாட்டில் இருந்தது. அதே கழகம் 2007ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆஷ் நிலையம் வழங்கிய அனைத்துலகப் புத்தாக்க விருதைப் பெற்றது. இன்று அதன் தலைமையகமும் மத்தியக் கல்லூரியும் ஆங் மோ கியோவிலேயே இருக்கின்றன. அதன் வாயிலைக் கடந்து போகும்போதும் பிள்ளையிடம் அதே பழைய கேலியைச் சொல்லும் பெற்றோர் உள்ளனர் என்பது வருந்தத்தக்கது.

பள்ளிகளும் மாறியிருக்கின்றன. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் மாணவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்ட பழைய மதிப்பெண் முறை 2021ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. 2024ஆம் ஆண்டு உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல், விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் இல்லை. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவர்கள் 30 வயதுக்குள் பட்டயப் படிப்பில் சேர்ந்தால் 5,000 வெள்ளியும், அதை முடித்தால் மத்திய சேமநிதிக் கணக்கில் 10,000 வெள்ளியும் வழங்கும் திட்டம் 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. கதவுகள் திறந்திருக்கின்றன. வீட்டுப் பேச்சு மட்டும் மூடிய கதவாகவே இருக்கிறது.

"சம்பளம் குறைவுதானே? உடல் உழைப்புத்தானே? பிள்ளை சொகுசாக இருக்க வேண்டுமென்று நினைப்பது குற்றமா?" என்று கேட்பீர்கள். குற்றமன்று. வருமான வேறுபாடு உண்மை; மேற்சொன்ன திட்டமே அந்த வேறுபாட்டைக் குறைக்கத்தான் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் பட்டறைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் சம்பளம் குறைவு என்பது வேறு, அத்தொழிலைச் செய்பவர் அறிவு குறைந்தவர் என்பது வேறு. முன்னது பொருளியல்; பின்னது பொய். அந்தப் பொய்யைக் கேட்டு வளரும் பிள்ளைக்குப் பின்னாளில் அத்துறையில்தான் திறமையும் விருப்பமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் கல்லூரியில் கால் வைக்கும் முதல் நாளே தோற்றவனாக உணர்வான். அந்த உணர்வை விதைத்தவர் யார்?

"மின்சாரக் கார்கள் வந்துவிட்டால் இந்தத் தொழிலே இருக்காது" என்பது மற்றொரு வாதம். 2030ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் யாவும் தூய எரிசக்தி வாகனங்களாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. ஆனால் பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் மின்கலத்தைக் குளிர்விக்க நீர்மமும் பம்பும் உண்டு. தொழில் மாறும், கற்க வேண்டியது கூடும். படிப்பின் தேவை இத்தொழிலில் இனி மேலும் அதிகமாகுமே தவிரக் குறையாது.

கையும் நூலும் சேர்ந்த கல்வி நம் மரபுக்குப் புதிதன்று. கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு (1893–1974) 1920ஆம் ஆண்டு ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே கற்றவர் அவர். பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு படிப்பே வேண்டாம் என்று சொல்வதும் தவறு. பின்னாளில் கோவையில் தொழிற்கல்வி நிலையங்கள் அமையப் பாடுபட்டவரும் அவரேதான்.

நாம் செய்யக் கூடியவை

பெற்றோர்களே, அடுத்த முறை காரையோ, மோட்டார் சைக்கிளையோ, மிதிவண்டியையோ பழுதுபார்க்கக் கொண்டு செல்லும்போது பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். பாதுகாப்பான தொலைவில் நின்று பார்க்கட்டும். வேலை செய்பவரிடம் இடையூறு இல்லாத நேரத்தில் ஒரு கேள்வியாவது கேட்கட்டும். புறப்படும்போது நன்றி சொல்லட்டும். வீடு திரும்பும் வழியில், "பம்பு என்ன செய்யுது? ஏன் ஒழுகுச்சு?" என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி உண்டோ?

ஆசிரிய நண்பர்களே, செயல்முறையை வரிசைப்படுத்தி எழுதும் பயிற்சிக்குத் தேநீர் தயாரிப்பதையே எத்தனை ஆண்டுகள் கொடுப்பது? சக்கரத்துக்குக் காற்றடிப்பது, ஒழுகும் குழாயை மாற்றுவது போன்றவற்றையும் கொடுத்துப் பார்ப்போம். கசி, சொட்டு, ஒழுகு, பீறிடு என்ற வினைகளைப் படத்தோடு கற்பிப்போம். 'எதிர்கால ஆசை' கட்டுரைக்கு முன், பழுதுபார்ப்பவர், மின்பணியாளர், தாதியர், சமையல் வல்லுநர் ஆகியோரின் பணிகளையும் வகுப்பில் பேசுவோம். ஒரு மாணவன் துணிந்து பட்டறையைப் பற்றி எழுதினால், அவனுடைய மொழிக்கு மதிப்பெண் கொடுப்பதோடு அவனுடைய துணிவையும் பாராட்டுவோம்.

பம்பின் சீலை மாற்றிவிடலாம். பிள்ளையின் மனத்தில் பதிந்த இழிவை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. "படிக்காவிட்டால் பட்டறை" என்ற வாக்கியத்தை இன்றே நிறுத்துவோம். "பட்டறைக்குப் போவதானாலும் நன்றாகப் படித்துவிட்டுப் போ" என்று சொல்லிப் பழகுவோம்.

அன்புடன்,
ஆங் மோ கியோவிலிருந்து ஒரு தமிழாசிரியை